கமிஷனர் வர்றதுக்கு முன்னாடியே ஏத்தி முடிச்ச வண்டிங்க

பெரிய செய்தி மக்களே, வண்டி ஏத்துற நேரத்துக்கும் கூலி உண்டா இல்லையாங்கிற கேஸ் இன்னும் முடியல, கதவு இன்னும் தொறந்துதான் இருக்கு, என்னோட வாக்குமூலத்தையும் வாங்கிட்டாங்க, இதோ முழுசா!

பேர் லொசாலினே மொவாலா, எல்லாரும் லொசான்னு கூப்பிடுவாங்க. வயசு இருபத்திரெண்டு. விலாசம் பேங்க்சியா தெரு, ஷால்வி, சிட்னி. தொழில், சொந்த வேன் வச்சு ஒப்பந்தத்துல வீடு வீடா பார்சல் குடுக்கிறது. பதிவு பண்றவங்க, கூலி வழக்க விசாரிக்கிற அரசாங்கக் கமிஷனோட ஆபீசர் நிக்கோல். "நீ பேசுற மாதிரியே எழுதிக்கிறேன், நடந்தத வரிசையா மட்டும் சொல்லு"ன்னாங்க. இத நெட்ல என் பக்கத்துலயும் போடலாமான்னு கேட்டேன். போட்டுக்கோன்னாங்க.

எங்களுக்குக் கூலி பார்சல் கணக்கு. வாசல்ல வச்சு மெஷின்ல பீப்னு அடிச்சாதான் காசு. அதுக்கு முன்னாடி மின்ச்சின்பரில இருக்கிற கம்பெனி டெப்போல நின்னு பிரிக்கிறது, அடுக்குறது, வண்டில ஏத்துறது எதுவும் கணக்குல வராது. எங்கள மாதிரி ஒப்பந்த டிரைவருக்கெல்லாம் இதுக்குக் கீழ குடுக்கக்கூடாதுன்னு ஒரு மணிக்கூலி நிர்ணயம் பண்ணணும்னு எங்க டிரைவர் சங்கம் கமிஷன்ல கேட்டிருக்கு. பண்ணுங்கன்னு கம்பெனியும் ஒத்துக்கிச்சு. இப்ப சண்டை ஒண்ணே ஒண்ணுதான். அந்த மணி எங்க ஆரம்பிக்குது? சங்கம் சொல்லுது, டெப்போ கேட்ல. கம்பெனி சொல்லுது, முதல் வீட்டு வாசல்ல. நடுவுல தினமும் காலைல ரெண்டரை மணி நேரம் யாரோடதும் இல்லாம தொங்குது.

விசாரணைய நேரலையா காட்டுறாங்க. நான் ஒரு நாள் விட்டதில்ல. மத்தவங்க ரக்பி பார்க்கிற மாதிரி நான் இதப் பார்ப்பேன், ஓட்டும்போது காதுல மட்டும் ஓடும். எங்க வக்கீல் எந்திரிச்சு 'ஆட்சேபணை'ன்னா நான் இங்க ஹாரன் அடிச்சிருவேன். போன மாசம், தீர்ப்புச் சொல்லப்போற கமிஷனர் டிரெலோர் அம்மா, "காகிதத்துல படிச்சது போதும், வண்டி ஏத்துறத நானே வந்து பார்க்கிறேன்"னு சொன்னாங்க. செவ்வாய்க்கிழமை காலைல ஏழு மணின்னு முடிவாச்சு. நான் கத்துன கத்துல சிக்னல்ல பக்கத்து கார்க்காரர் கண்ணாடிய ஏத்திக்கிட்டார்.

அதுக்கப்புறம் டெப்போல கூடிப் பேசினோம். நாங்க முப்பது வேன். பாதிக்கு மேல டோங்காத் தீவு ஆளுங்க, மீதிப் பேரும் எங்ககூடச் சேர்ந்து பாதி டோங்கா ஆயிட்டாங்க. எங்கள்ல மூத்தவர் செமிசி மாமா. எங்கம்மாவோட சொந்தத் தம்பி, ஆனா டெப்போ முழுக்க அவர மாமான்னுதான் கூப்பிடும். சர்ச்சுப் பாட்டுல அடிக்குரல் அவரோடது. அவர் சொன்னார், "வர்றது நீதிபதி மாதிரி ஒருத்தங்க. நம்மள நம்பி, நம்ம எடத்துக்கு வர்றாங்க. அவங்கள அழுக்குப் பெட்டிக்கு நடுவுல நிக்க வச்சுட்டு நாம பாட்டுக்கு வேர்வை ஒழுகிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" எல்லாரும் சரின்னோம். எங்களுக்கு அது யோசிச்சுப் பண்ற விஷயமே இல்ல. பெரியவங்க வர்றாங்கன்னா வேலைய முடிச்சிருக்கணும், குளிச்சிருக்கணும், பாய் விரிச்சிருக்கணும். நாம பட்ட பாடு அவங்க கண்ணுல படக்கூடாது. அவங்க அந்தப் பாட்டப் பார்க்கத்தான் வர்றாங்கங்கிறது அந்த நிமிஷம் ஒருத்தர் மண்டைக்கும் எட்டல.

அதனால செவ்வாய்க்கிழமை வழக்கத்தவிட சீக்கிரமே வந்துட்டோம். அந்தக் காலைய நான் கனவுன்னுதான் சொல்லுவேன். வாக்குமூலத்துல கனவுன்னு எழுதலாமான்னு நிக்கோல் பேனாவ நிறுத்துனாங்க, எழுதுங்கன்னேன். ஏரிப்பக்கமிருந்து மூடுபனி எறங்கி டெப்போக்குள்ளயே வந்துருச்சு. மஞ்சள் சட்டைங்க மட்டும் பனிக்குள்ள மிதக்குது, தலையும் இல்ல காலும் இல்ல. எங்க டெப்போல யாரும் தன் வண்டிய தனியா ஏத்த மாட்டாங்க. எல்லாரும் ஒரு வரிசையா நிப்போம். பெட்டி கை மாறி கை மாறிப் போகும். ஒரு வண்டி முடிஞ்சதும் வரிசை அப்படியே அடுத்த வண்டிக்கு நகரும். கடைசி வீட்டுப் பெட்டி முதல்ல உள்ள போகணும், முதல் வீட்டுது கடைசில. அதனால நாங்க தெருவெல்லாம் தலைகீழாத்தான் மனசுல வச்சிருப்போம், ஊரையே பின்னாடிலேருந்து நடந்து பார்க்கிற மாதிரி.

அதுக்கப்புறம் மாமா பாட்ட எடுத்தார். பாடாம எங்களுக்கு ஏத்த வராது, தாளத்துக்குத்தான் கை நீளும். அடிக்குரல் தரைலேருந்து வருது, பொண்ணுங்க குரல் கூரைல எங்கயோ இருக்கு, நடுவுல பெட்டிங்க தானா நீந்திப் போகுது. ஒரு பெட்டில சோப்பு வாசம். ஒண்ணு உள்ள டிக் டிக்னு துடிக்குது. ஒண்ணு பார்க்கப் பெருசு, தூக்குனா காத்து மாதிரி, யாரோ காத்தையே விலைக்கு வாங்கிட்டாங்களோன்னு தோணுது. ஒண்ணு வந்தப்ப மட்டும் பாட்டு எல்லாருக்கும் ஒரே இடத்துல திணறுச்சு. நாய்ச் சோறு மூட்டை, அவ்வளவு கனம். வரிசைல என் பக்கத்துல நின்ன டிரைவர் டாரென் குரல் சுருதி விட்டு எங்கயோ போச்சு.

"டேய் டாரென், நீ வாயத் தொறக்காத, பெட்டி பயப்படுது"ன்னார் மாமா.

"உங்க குரல்ல மட்டும் என்ன மாமா, டயர்ல காத்து எறங்குற சத்தம்தானே"ன்னான் அவன்.

வரிசை முழுக்க சிரிச்சுது, ஒரு பெட்டியும் கீழ விழல. பெட்டி நெறைய நெறைய ஒவ்வொரு வேனும் கொஞ்சங்கொஞ்சமா கீழ உக்காந்துச்சு, மாடு மெதுவா படுக்கிற மாதிரி. மாமா நடுவுல ரெண்டு தடவ முழங்காலப் புடிச்சுக்கிட்டு நின்னார். பாட்ட நிறுத்தல.

அதுக்கப்புறம் எல்லா வண்டிக் கதவையும் சாத்தினோம். முகம் கழுவினோம், ஆம்பளைங்க மஞ்சள் சட்டைக்கு மேலயே இடுப்புல, பெரியவங்க முன்னாடி நிக்கும்போது எங்க ஊர்ல சுத்திக்கிற மரியாதைப் பாயக் கட்டிக்கிட்டாங்க, தரையக் கூட்டிப் பெரிய பாய் விரிச்சோம். சேப்பங்கீரைல உப்புக்கறி வச்சு தேங்காப்பால் ஊத்திச் சுட்ட பொட்டலம், தர்பூசணி ஜூஸ், ரொட்டி எல்லாம் வந்துச்சு. ஏழு மணிக்கு பனி விலகுது, டிரெலோர் அம்மா வந்து எறங்குறாங்க. கூடவே கம்பெனி வக்கீல் ஹார்கிரீவ்ஸ். அவங்க பார்த்தது என்னன்னா, மூடின வண்டிங்க, சுத்தமான தரை, கழுவின மூஞ்சிங்க, பாட்டு, சாப்பாடு.

கமிஷனர் அம்மா சுத்தி முத்திப் பார்த்துட்டு, "ஏத்துறது எப்ப?"ன்னாங்க.

"அது முடிஞ்சிருச்சும்மா, நீங்க உக்காருங்க"ன்னார் மாமா.

"ரொம்ப நேரம் புடிக்குமா? கஷ்டமான வேலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா. பாடிக்கிட்டே முடிச்சிருவோம். நீங்க சாப்பிடுங்க முதல்ல."

ஹார்கிரீவ்ஸ் பேனா ஓடுனத நான் பார்த்தேன். அவரும் ரெண்டு பொட்டலம் சாப்பிட்டார், நல்லா இருக்குன்னும் சொன்னார்.

மறுநாள் விசாரணைல அவர் எந்திரிச்சு, "அவங்க மூத்த டிரைவரே சொல்லிட்டார், ஒண்ணுமே இல்லன்னு. பாட்டு, விருந்து, பேச்சு. அது நண்பர்கள் கூடிச் சந்தோஷமா இருக்கிற நேரம். அதுக்கு எதுக்குக் கூலி?"ன்னு கேட்டார். ஹாரன் அடிக்க எனக்குக் கை வரல. வண்டிய ஓரமா நிறுத்திட்டு யாரோ ஒருத்தங்களோட பார்சல மடில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க ஆளுங்க முழுப் பன்னியச் சுட்டுத் தூக்கிட்டு வந்து வச்சாலும், "ஏதோ கொஞ்சம், மன்னிச்சுக்கோங்க"ன்னுதான் சொல்லுவாங்க. குடுக்கிறவங்க தன்னுதப் பெருசுன்னு சொன்னா அது குடுத்ததே இல்லன்னு ஆயிரும். மாமா சொன்ன 'ஒண்ணுமே இல்ல' அந்த மாதிரி. நெசமாவே ஒண்ணுமே இல்லாதத யாரும் 'ஒண்ணுமே இல்ல'ன்னு சொல்லிக் குடுக்க மாட்டாங்க.

அதுக்கப்புறம் சங்கத்துலேருந்து மாமாவ வாக்குமூலம் குடுக்கச் சொன்னாங்க. மாமா மாட்டேன்னுட்டார். வேன் பின்படில உக்காந்து முழங்கால்ல தைலம் தேய்ச்சுக்கிட்டு இருந்தார், நான் போய் கேட்டேன்.

"நம்ம பாய்ல உக்காந்து நம்ம சோத்தச் சாப்பிட்ட பொம்பளைகிட்டப் போய், உங்களுக்காக நான் முதுகு ஒடிஞ்சேன்னு எந்த வாயால சொல்றது லொசா? சொன்னது சொன்னதுதான்."

"அதுக்காக ஆயுசு முழுக்க நாம சும்மா ஏத்தணுமா? இங்க மட்டுமா மாமா, ஊர்ல இருக்கிற ஒப்பந்த வண்டிக்கெல்லாம் இதுதான் கணக்கு ஆகப்போகுது."

"தெரியும். எனக்கு நாக்கு வரலடி."

அப்பதான் எனக்குத் தோணுச்சு. எங்க வழக்கத்துல அம்மாவோட தம்பிகிட்ட அக்கா புள்ள எது வேணும்னாலும் எடுத்துக்கலாம், இல்லன்னு அவர் சொல்லக்கூடாது. நான் அவரோட சீட்டு மெத்தைய எடுத்திருக்கேன், கல்யாணத்துக்கு வச்சிருந்த பாய எடுத்திருக்கேன், ஒரு தடவ அவர் தட்டுல இருந்த கறியவே எடுத்திருக்கேன்.

"மாமா, உங்ககிட்ட எனக்கு ஒண்ணு வேணும்"னேன்.

"வண்டியா? சாவி டயர் மேல இருக்கு, போ."

"வண்டி வேணாம். கமிஷனர் அம்மாகிட்ட சொன்னீங்கல்ல, ஒண்ணுமே இல்லன்னு. அந்த வார்த்தை வேணும்."

தைலம் தேய்ச்ச கை நின்னுச்சு. எங்கயோ ஒரு வேன் ரிவர்ஸ்ல போற சத்தம் மட்டும், பீப், பீப்.

"அத எடுத்துட்டுப் போய் என்னடி பண்ணுவ?"

"கமிஷன்ல கொண்டுபோய் திருப்பி வாங்கிருவேன்."

மாமா வயிறு குலுங்கச் சிரிச்சார், கண்ணு மட்டும் நனைஞ்சிருந்துச்சு. "உங்கம்மாவும் இப்படித்தான். அவ வீட்டுக்கு வந்துட்டுப் போனா என் வாய்ல பல்லு இருக்கான்னு தடவிப் பார்ப்பேன். எடுத்துக்கோ. எல்லாமே எடுத்துக்கோ."

அதனால அந்த வார்த்தை இப்ப என்னோடது, நான் அத வாபஸ் வாங்குறேன். ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் வாபஸ் வாங்கச் சட்டத்துல இடம் இருக்கான்னு தனக்குத் தெரியலன்னு நிக்கோல் சொன்னாங்க. எங்க வழக்கத்துல இடம் இருக்கு, ரெண்டையும் எழுதுங்கன்னேன். எழுதிட்டாங்க. கூடவே என் கோரிக்கையையும் எழுதச் சொன்னேன். கமிஷனர் அம்மா இன்னொரு தடவ வரணும், சொல்லாம வரணும், ஏழு மணிக்கு இல்லாம நாங்க கேட்ல நுழையிற நேரத்துக்கு வரணும். வந்தா பாய் இருக்காது. வரிசைல அவங்களுக்கு ஒரு எடம் விடுவோம், டாரெனுக்கும் எனக்கும் நடுவுல. வாங்கி அடுத்த கைக்குக் குடுத்தாப் போதும். விருந்தாளிய வேலை வாங்குறத நெனச்சு மாமாவுக்கு ராத்திரித் தூக்கம் போகும், அது பரவால்ல.

மேல இருக்கிறது எல்லாம் நான் கண்ணால பார்த்தது, காதால கேட்டது. எதையும் கூட்டிச் சொல்லல. குறைச்சுச் சொல்றது எங்க பழக்கம், இன்னிக்கு அதையும் செய்யல. படிச்சுக் காட்டினாங்க, சரியா இருக்கு.

ஒப்பம்: லொசாலினே மொவாலா

மக்களே, வெள்ளிக்கிழமை வரைக்கும் யார் வேணும்னாலும் வாக்குமூலம் குடுக்கலாம்னு நிக்கோல் சொல்லிருக்காங்க. எந்த டெப்போவா இருந்தாலும் சரி, இத உங்க டிரைவர் குரூப்ல போடுங்க, பேர் வயசு விலாசத்தோட வாங்க, கீழ 'வர்றேன்'னு ஒரு வார்த்தை எழுதுங்க. அங்க போய் உக்காந்ததும் ஏத்த எவ்வளவு நேரம் ஆகும்னு கேப்பாங்க. தயவு செஞ்சு, மரியாதைக்குக்கூட, ஒண்ணுமே இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க.