ஒன்பதாவது கேள்விக்கு அவர் எழுதிய பதில்

என் பெயர் லவினா, வயது 24, தகப்பனார் பெயர் கில்பர்ட். பெங்களூரு காக்ஸ் டவுனில் பெற்றோருடன் வசிக்கிறேன். மனநோய் தொடர்பாக மூளையை ஆராயும் தனியார் ஆய்வகம் ஒன்றில் ஏழு மாதமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆய்வுக்கு வருகிறவர்களின் தலையில் ஜெல் தடவி, இ.இ.ஜி. தொப்பி மாட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு எடுப்பதும், அவர்கள் நிரப்பும் கேள்வித்தாளை அவர்கள் கிளம்பும் முன் சரிபார்ப்பதும் என் வேலை. அதில் ஒன்பதாவது கேள்வி, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பது. வருகிறது என்று குறித்திருந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே டாக்டரை அழைக்க வேண்டும்.

சென்ற திங்கட்கிழமை காலை சுமார் 11 மணிக்கு ஈஜிபுராவைச் சேர்ந்த சங்கமித்ரா, வயது 31, வந்தார். பதிவு முடிந்த பிறகு அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த ஜெல்லை நான் வெந்நீரில் கழுவிவிட்டேன். அப்போது அவர், "இன்னும் கொஞ்ச நேரம் கழுவுங்க, நல்லாருக்கு" என்றார். அடுத்தவர் காத்திருந்ததால் நான் குழாயை மூடிவிட்டேன். அதன் பிறகு அவர் கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்து, "இதையெல்லாம் படிப்பீங்களா?" என்று கேட்டார். படிப்போம் என்று சொல்லிவிட்டு, படிக்காமலேயே 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை பதில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான், ஒன்பதாவது கேள்விக்கு அவர் 'தினமும்' என்று குறித்திருந்ததைப் பார்த்தேன். உடனே சீனியர் கிளாரன்ஸிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் போன் செய்தபோது கணவர் கிரண் எடுத்து, அன்று விடியற்காலை சங்கமித்ரா தற்கொலை செய்துகொண்டதாகச் சொன்னார். அதன் பிறகு கிளாரன்ஸ் என்னிடம், "கையெழுத்து உன்னுது லவினா, வேலை போயிடும். ஃபார்ம்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிடு" என்றார்.

வியாழக்கிழமை கிரண் ஆய்வகத்துக்கு வந்து கேட்டபோது கிளாரன்ஸ் சொல்லிக்கொடுத்தபடியே, ஃபார்மில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்போ யார்கிட்டயுமே சொல்லல அவ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். அதன் பிறகு எனக்கு நன்றி சொல்லி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் வெள்ளியும் சனியும் வேலைக்குப் போனேன்.

இன்று யாரும் அழைக்காமல் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து அசல் கேள்வித்தாளை ஒப்படைத்துள்ளேன். சங்கமித்ரா சொல்லித்தான் இருந்தார். இதை அவர் கணவரிடம் நானே நேரில் சொல்ல வேண்டும். அதுவரை வேறு யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் தமிழில் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் எதுவும் பொய் இல்லை.

(ஒப்பம்) லவினா