விளக்கு வைக்கிற நேரம்

இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஆள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் முதலில் சுருட்டி எடுத்து வைக்க வேண்டியது கால்மிதியை. அழகாக இருக்கிறது, மகள் வாங்கிக் கொடுத்தது என்றெல்லாம் பார்க்கக் கூடாது. வாக்கரின் கால் அதில் மாட்டினால் கதை கந்தல்.

இதை நானாக எழுத உட்காரவில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்து எஸ்தர் டீச்சர்தான் வீடு தேடி வந்து, "அண்ணே, ஆண்டு மலருக்கு நீங்க ரெண்டு பக்கம் எழுதியே ஆகணும். பவுன் அக்காவ நீங்க பாத்துக்கிட்ட மாதிரி யாரு பாத்துப்பாங்க? மத்தவங்களுக்கும் உதவும்ல" என்றார். எழுதுவதென்றால் முழுசாக எழுத வேண்டும். நான் ஆகுர்டியில் ஒரு வண்டிக் கம்பெனியின் டூல் ரூமில் காலம் தள்ளியவன். பாதி அளவைச் சொல்லி மீதியை மறைத்தால் அங்கே ஒரு வேலையும் ஓடாது.

பவுன் என் மனைவி. பிம்ப்ரி ஸ்டேஷன் பக்கம் இட்லி வண்டி போட்டிருந்தாள். காலை ஷிஃப்டுக்குப் போகிறவன், மெட்ரோவுக்கு ஓடுகிறவன், காலேஜ் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் மாவ்ஷி. மராத்தியில் சித்தி மாதிரி. சட்னி குறைந்தால் அவளிடம் சண்டை போடுவார்கள், வீட்டில் கல்யாணம் என்றால் அவளுக்குத்தான் முதல் பத்திரிகை. நான் பரமசிவம். ரிடையர் ஆன பிறகு ரோட்டில் போனால், "மாவ்ஷியோட வீட்டுக்காரர்" என்று வழி விடுவார்கள். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

ஒரு மழை நாளில் வண்டியருகே வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அது மழை செய்த வேலை, அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்தார்கள். நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதல் நாட்களில் கவனிக்க வேண்டியவை நிறைய. படுத்திருக்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை இருக்க வேண்டும். பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் ரத்தம் கட்டும். வலி மாத்திரை வயிற்றை இறுக்கும், அதற்கு இசப்கோல். நாற்காலி உயரமாக இருக்கட்டும். கக்கூஸ் சீட்டுக்கு மேலே வைக்க உயரமான சீட் ஒன்று மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும்.

பயிற்சி கொடுக்க அம்ருதா என்று ஒரு மராத்திப் பெண் வருவாள். சின்ன வயசு, நல்ல கண்டிப்பு. "ஹளூ ஹளூ, மாவ்ஷி" என்பாள். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். அவள்தான் என்னை உட்கார வைத்து விளக்கினாள். புது மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் குண்டும். குனியக் கூடாது, குத்த வைக்கக் கூடாது, தரையில் உட்காரவே கூடாது. குனிந்து, அந்தக் கால் உள்பக்கம் திரும்பினால் குண்டு கிண்ணத்தை விட்டு நழுவிவிடும். அவள் கையால் காட்டுவதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. எது எந்தக் கோணத்தில் கழலும் என்பதைப் பார்ப்பதுதானே என் பிழைப்பு.

இனி, டீச்சர் கேட்காத ஒன்றையும் எழுத வேண்டும். அந்த முதல் நாட்கள் போலச் சந்தோஷமான நாட்கள் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

"ஏங்க" என்று கூப்பிடுவாள். தண்ணீருக்கு ஒரு ஏங்க, தலையணை நழுவினால் ஒரு ஏங்க, ஃபேன் வேகத்துக்கு ஒரு ஏங்க. நான் அவளுக்குத் தலை வாரிப் பின்னக் கற்றுக்கொண்டேன். முதல் பின்னலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கயிறு திரிச்ச மாரி இருக்குது, ஆனாலும் பரவால்ல" என்று சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவளை உட்கார வைத்து நான் பார்த்ததே அப்போதுதான். கீழ்வீட்டு முகமது ரஃபீக்கிடம் அவர் மனைவி, "பரமசிவம் பாயைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்றாராம். மார்க்கெட்டில் என்னைப் பெயர் சொல்லி நலம் விசாரித்தார்கள். மாவ்ஷி எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, நீங்கள் சாப்பிட்டீர்களா என்றும் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விளக்குதான் கொஞ்சம் சங்கடம். எங்கள் சாமி ஷெல்ஃப் சமையலறைச் சுவரில் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. "நான் ஏத்தறேன் பவுனு" என்றேன். "நான் உசுரோட இருக்கறப்ப நீங்க ஏத்துவீங்களா? நல்லா இருக்குதே" என்றாள். பெண் இருக்கிற வீட்டில் ஆண் விளக்கேற்றினால் அவள் இல்லையென்று சொல்வதாகும் என்பது அவள் அம்மா வழி வந்த பிடிவாதம். அதனால் விளக்கைப் பித்தளைத் தட்டில் வைத்துக் கட்டிலுக்கே கொண்டுபோனேன். அவள் படுத்தபடி ஏற்றினாள். நான் தட்டோடு ஏந்திப்போய் ஷெல்ஃபில் வைத்தேன். உங்கள் வீட்டிலும் இப்படிச் செய்யலாம், நல்ல யோசனை.

பவுன் நன்றாகத் தேறினாள். அவள் உடம்பு உழைத்த உடம்பு. வாக்கரை நகர்த்தி, ஆபரேஷன் ஆன காலை வைத்து, பிறகு நல்ல காலை வைத்து, ஹாலைச் சுற்றி வந்தாள். அம்ருதா கைதட்டினாள். போனில் யாரிடமோ, "தீவாளிக்கு முன்னாடி வண்டிய எறக்கிருவேன்" என்று பவுன் சொல்வது காதில் விழுந்தது.

ஒரு நாள் மாலை இசப்கோல் வாங்கித் திரும்பி வந்தால், அடுப்பங்கரையில் வாக்கரைப் பிடித்தபடி நிற்கிறாள். மேடையில் இரண்டு டம்ளர் டீ. "பாத்தீங்களா, நானே போட்டுட்டேன். ஒங்களுக்கும் இருக்குது" என்றாள். முகமெல்லாம் வெளிச்சம். டீ நன்றாக இருந்தது, என் டீயை விட நன்றாக இருந்தது. பாதி டம்ளரோடு வைத்துவிட்டேன். இனி எனக்கு என்ன வேலை என்று நினைத்தேன். அன்று இரவு வரை அவள் ஒருமுறைகூட ஏங்க என்று கூப்பிடவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை சாமி ஷெல்ஃப் ஆடுவதைக் கவனித்தேன். ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. தளர்த்தியது நான்தான், ஆனாலும் தளர்ந்த ஸ்க்ரூ தளர்ந்ததுதான், அதைச் சரிசெய்யாமல் விட முடியாது. ஷெல்ஃபை இறக்கினேன். சாமி படங்களைத் துடைத்து, கீழே மணைப்பலகை போட்டு, கோலமிட்டு, சுவரோரம் வரிசையாக வைத்தேன். விளக்கையும் திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, படங்களுக்கு முன்னால் தரையில் வைத்தேன். தீப்பெட்டி பக்கத்தில். குறை சொல்ல முடியாத வேலை.

"ஏங்க, சாமிய எறக்கிட்டீங்களே, வெளக்கு வைக்கணுமே" என்றாள்.

"கட்டிலுக்கே கொண்டாரேன். நீ குனியாத பவுனு. டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன். அப்போது ரஃபீக் வாசலில் இருந்தார், அவரும் கேட்டார். நான் அவளைக் குனியச் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

சாயங்காலம் பூ வாங்கக் கீழே இறங்கினேன். வழக்கமாக விளக்கேற்றிய பிறகுதான் போவேன், அன்று முன்னாலேயே போனேன். பூக்காரரிடம் நிதானமாகப் பேரம் பேசினேன். கட்டிய பூ வாடியிருந்தது, புதிதாகக் கட்டித் தரச் சொன்னேன். அவர் கட்டக் கட்டப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொழுது இறங்கியது, தெருவிளக்குகள் வந்தன. விளக்கு வைக்கிற நேரம் தாண்டினால் பவுனுக்கு நிலைகொள்ளாது. அது எனக்குத் தெரியும். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

கதவைத் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏற்றிவிட்டுத்தான் விழுந்திருக்கிறாள். வாக்கர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஆபரேஷன் ஆன கால் குட்டையாகி, உள்பக்கம் திரும்பியிருந்தது. அம்ருதா கையால் காட்டியது போலவே இருந்தது. பவுன் அலறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஏங்க" என்றாள். பிறகு, "பூவ மொதல்ல சாமிக்கு வைங்க" என்றாள்.

வைத்தேன். அதன் பிறகு ரஃபீக்கைக் கூப்பிட்டேன்.

குண்டு நழுவியது மட்டுமில்லை, விழுந்ததில் பக்கத்து எலும்பும் விரிசல் விட்டிருந்தது. மறுபடி ஆபரேஷன். இனி வாக்கர் இல்லாமல் நடப்பது கடினம், வண்டியருகே நிற்பதெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அம்ருதா பவுனைக் கோபித்துக்கொண்டாள். "காகா அவ்வளவு சொல்லியும் கேக்கலையா நீங்க?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு அவளே அழுதாள். காகா என்று அவள் சொல்வது என்னை. பவுன், "எம் புத்திதான் பொண்ணே" என்றாள். எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள். இட்லி வண்டியைக் கேட்டு ஒருவர் வந்தார், கொடுத்துவிட்டேன். வீட்டில் இடம் அடைக்கும்.

மகள் பானு சென்னையிலிருந்து வந்திருந்தாள். அம்மாவுக்குக் கம்பளி தேடி லாஃப்டில் ஏறியவள், பழைய பெட்டிக்குப் பின்னாலிருந்து அந்தப் பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நியூஸ் பேப்பரில் சுற்றியிருந்தது. பிரித்தால், முந்தின வாரத்துக் குங்குமம் அப்படியே ஒட்டியிருந்தது. "ஏம்மா, வாராவாரம் வேணுங்கற தட்ட எதுக்கு இங்க போட்டு வச்சிருக்க?" என்று பவுனின் மடியில் வைத்தாள். ஷெல்ஃபை இறக்கிய அன்று காலை அதைச் சுற்றி மேலே வைத்தது நான்தான். கட்டிலுக்கு விளக்கு கொண்டுபோக வேறு தோதான தட்டு வீட்டில் இல்லை.

பவுன் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முந்தானையால் அந்தக் குங்குமத்தைத் துடைத்தாள். பானுவிடம் எதுவும் சொல்லவில்லை. பெண்பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாது என்று நினைத்திருப்பாள். அவள் குணம் அது.

ஆக, நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் முக்கியம் பொறுமை. இப்போது பானு ஊருக்குத் திரும்பிவிட்டாள், வீட்டில் நாங்கள் இருவர்தான். கஞ்சி கொடுக்கிறேன், குடிக்கிறாள். தலை வாரிப் பின்னுகிறேன், சுவர்ப் பக்கம் திரும்பிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். என் பின்னல் இப்போது நன்றாகவே வருகிறது. வெள்ளிக்கிழமை தட்டில் விளக்கைக் கொண்டுபோய் நீட்டினால், "நீங்களே ஏத்துங்க" என்று கண்ணை மூடிக்கொள்கிறாள். ஆண்தான் ஏற்றினால் என்ன, இந்த வயசில் அவள் பிடிவாதம் தளர்ந்ததில் எனக்கு நிம்மதி.

தாகம் எடுத்தாலும், தலையணை நழுவினாலும் அவள் இப்போது ஏங்க என்று கூப்பிடுவதில்லை. நான் போய்ப் பார்க்கும் வரை அப்படியே கிடக்கிறாள். கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு நாங்கள் நெருங்கிவிட்டோம்.