செவலையின் காதில் ஐந்து புள்ளி

மாலைக்குக் கழுத்தைக் கொடுத்துவிட்டு என் பேச்சுக்குக் காதைக் கொடுக்கக் காத்திருக்கும் விழாத் தலைவர் தானியேல் ஐயா அவர்களே, ஊசியால் குத்தியும் ஊராரிடம் நல்ல பெயர் வாங்கிய கால்நடை மருத்துவர் பரிமளா அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, உலையை இறக்கிவிட்டு நாயைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, ஓரிக்கையிலிருந்து பஸ் ஏறி உத்திரமேரூர் வந்திருக்கும் உறவுகளே, இத்தனை பேர் காலடியிலும் படுத்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் நாலுகால் செல்வங்களே, உங்கள் எல்லோர்க்கும் இந்த ஞானசுந்தரியின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

காதணி விழாக்களில் பேசிப் பேசித் தொண்டை தேய்ந்தவள் நான். நாய்களுக்குக் காது குத்தும் விழாவுக்கு என்னை அழைத்தது இதுதான் முதல் தடவை. சிரிக்காதீர்கள் பெரியவரே, உங்கள் நாயும் வரிசையில்தான் நிற்கிறது.

நாய் தொலைந்தால் வீடு திரும்ப என்ன வழி? நிறத்தைச் சொல்லித் தேடலாமா? செவலை நாய் என்று கூப்பிட்டால் இந்த வட்டாரமே வாலாட்டும். பெயரைச் சொல்லித் தேடலாமா? தெருவுக்கு ஒரு மணி, திருப்பத்துக்கு ஒரு டைகர். பட்டணத்திலும் வெளிநாட்டிலும் அரிசி மணியளவு மின்னணுச் சில்லைத் தோலுக்குள் வைக்கிறார்களாம். நல்லதுதான். ஆனால் அதைப் படிக்கும் கருவி நம்மில் யார் வீட்டுப் பரணில் இருக்கிறது?

சென்ற ஆண்டு இதே முகாமில் மருத்துவர் அம்மா இரண்டு வழி சொன்னார். ஒன்று, டெலிபோன் பூத் எண் பொறித்த தகட்டோடு கழுத்துப்பட்டை. இன்னொன்று, மரத்துப்போக மருந்து போட்டுக் காதின் உள்பக்கம் பச்சை குத்துவது. எல்லோரும் பட்டைக்குக் கை நீட்டினார்கள். தன் நாய் செவலையின் காதையும் காட்டியவர் ஊர்க்கோடிக் குடியிருப்பிலிருந்து வந்த சொக்கம்மாள் ஒருத்திதான். அவர் கணவர் முனியன் துடித்துப்போனார்.

"வாயில்லா ஜீவன்டி. அதும் காதுல போயி குத்தச் சொல்றியே, இன்னா மனசு உனுக்கு?"

"என் கையில பச்சை குத்துனப்போ நீ பார்த்துக்கினுதானே நின்ன? எனுக்கு நோவலியா? நீ கம்முனு இருய்யா."

என்ன எழுதட்டும் என்று மருத்துவர் கேட்டார். சொக்கம்மாள் தன் முன்கையை நீட்டினார். நடுவில் ஒரு புள்ளி, சுற்றி நான்கு புள்ளி. "இத்தையே போடும்மா. அது எங்க வூட்டுப் புள்ள." அப்படியே போட்டார் மருத்துவர்.

வந்தது போகி. பழையன எரிந்தன; பாயும் துடைப்பமும் எரிந்தன; மாட்டுக்குப் புதுக் கயிறு வந்தது. முனியன் பார்த்தார். மாட்டுக்குப் புதுசு, செவலைக்கு மட்டும் பழசா? கழற்றினார் பட்டையை. போட்டார் நெருப்பில். தகடும் கருகியது, எண்ணும் கருகியது. மஞ்சள் கயிறு ஒன்றை அன்போடு கட்டிவிட்டார். தலை குனியாதீர்கள் முனியண்ணே, பாசத்தில் செய்ததுதானே? இங்கே கைதட்டும் பாதிப்பேர் வீட்டுப் பட்டையும் அன்றைக்குத்தான் சாம்பலானது.

மாட்டுப் பொங்கல் மாலை. மேளம் முழங்கியது, வெடி வெடித்தது, மிரண்ட செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அது போய் நின்ற இடமோ சாலவாக்கம் பக்கம் ஒரு கிராமம். அங்கே வெறிநாய் ஒன்று பிள்ளைகளைக் கடித்து, ஊரே நடுங்கிக் கிடந்த நேரம். கேட்பாரற்ற நாயெல்லாம் அடிபட்டுச் சாகும் என்று முடிவாகியிருந்தது. பயந்தவர்களை நான் பழிக்க மாட்டேன். ஆனால் பட்டையில்லாத கழுத்தோடு, நாக்குத் தள்ள நின்ற செவலைக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

சுருக்கு விழுந்தது. கட்டை ஓங்கியது. சுருக்கைப் பிடித்திருந்த ஏசுதாஸ் தலையைத் திருப்பிப் பிடித்தபோது காது மடங்கியது. உள்ளே ஐந்து புள்ளி.

"இருங்கப்பா, அடிக்காதீங்க. இந்தப் புள்ளி நம்ம கயனிக்கு நடவுக்கு வருமே சொக்கம்மா, அது கையில கீது. இது அவங்க வூட்டு நாய்."

ஓங்கிய கட்டை இறங்கியது. அப்பாடா என்று இப்போது நீங்கள் மூச்சு விடுகிறீர்களே, அன்றைக்கு அந்த ஊரே அப்படித்தான் மூச்சு விட்டதாம். கொல்ல வேண்டியிருக்கவில்லை என்கிற நிம்மதி, கட்டை பிடித்த கைகளுக்கும் உண்டு. ஏசுதாஸ் தண்ணீர் வைத்தார், கட்டிவைத்து ஆள் அனுப்பினார். சொக்கம்மாள் போய் இறங்கியதும் செவலை அவர் முன்கையை நக்கிய நக்கில் புள்ளியே அழிந்துவிடும்போல இருந்ததாம். அழியாது தாயே, அதற்காகத்தானே குத்தினீர்கள்?

ஆகவே அன்பர்களே, பட்டையும் வேண்டும், பச்சையும் வேண்டும். பட்டையைப் பார்த்தால் பார்த்தவர் போன் போடலாம். பட்டை போனாலும் பச்சை நிற்கும். எந்தக் குறி வைத்தாலும் ஊராருக்குத் தெரிந்த குறியாக வையுங்கள், வைத்ததை நாலு பேரிடம் காட்டிவையுங்கள். போகிக்குப் பாயை எரியுங்கள், பட்டையை விட்டுவிடுங்கள். கதவு எண் இல்லாத குடிசைக்கும் திரும்பிவர ஓர் உயிர் இருக்கிறது. அது வந்து சேர வழி செய்வது நம் கடமை, நம் கடமை, நம் கடமை.

முடிக்கும் முன் ஒன்று. நான் மேடைக்கு வரும்போது முனியண்ணன் தன் முன்கையை மறைத்துக்கொண்டு நின்றார். பிடித்து இழுத்துப் பார்த்தேன். நடுவில் ஒன்று, சுற்றி நான்கு, புண் இன்னும் ஆறவில்லை. இது எதற்கு அண்ணே என்றேன்.

"நானும் எங்கியாவது தொலைஞ்சுட்டா, எந்த வூடுன்னு தெரியணும்ல தாயி."

செவலையை மீட்டுத் தந்த ஏசுதாஸ் அண்ணனுக்கும், பொறுமையாகக் கேட்ட மனிதர்களுக்கும், குரைக்காமல் கேட்ட மற்றவர்களுக்கும் நன்றி சொல்லி, எல்லோரும் பத்திரமாக அவரவர் வீடு போய்ச் சேர வேண்டி வணங்கி விடைபெறுகிறேன்.