பாதி அழுகையில் விளக்கு

“ஏனக்கா, உங்க ஊட்டுக்காரரு ஊட்டுலயும் இப்பிடித்தான் அழுவாருங்களா?”

ஆத்தூர் டெண்டுக் கொட்டகையில் ரீல் மாற்ற விளக்குப் போட்டபோது பக்கத்து வீட்டுப் பாவாயி கேட்டது அது. அதுவரை திரையில் ராஜாவாக அழுதுகொண்டிருந்தவர் சௌந்திரத்தின் புருஷன். நாலாம் நாள், அவள் அண்ணன் வேலை பார்க்கும் அரிசி ஆலைக்கு அந்த வீட்டுக்காரரிடமிருந்தே டெலிபோன் வந்தது. சேலத்து ஸ்டுடியோவிலிருந்து. அண்ணன் ஆள் விட்டு அவளை வரவழைத்ததும் மறுபடி மணி அடித்தது.

“அலோ… ஆமாங்க, நாந்தானுங்க… ஆமா, ஆமா… மாமா, மெதுவாப் பேசுங்க. கம்பியில வருதுங்க, கடைசி வரிசைக்குக் கேக்கோணும்னு இல்லீங்க.”

அவருக்கு இருபது வருஷம் நாடகக் கம்பெனியில் பழகிய தொண்டை. அவள் கருவியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்; களத்தில் நெல் காயப்போடும் பெண்களுக்கும் கேட்டு, திரும்பிப் பார்த்தார்கள்.

“பாத்தேனுங்க… நல்லாத்தான் இருந்துச்சு. அப்பன் செத்த ராசா முக்கா ரீலு அழுதாரு. பாதி அழுகையில வெளக்கப் போட்டுட்டாங்க. சனமெல்லாம் முறுக்குத் தின்னுச்சு. மறுக்கா இருட்டானதும் உட்ட எடத்துலிருந்து அழுதீங்க… சிரிக்கலீங்க… எப்ப வாரேன்னா?”

சிரிப்பு நின்றது. சித்திரையில் தகப்பன் சாகக் கிடக்கிறார் என்று வந்தவள், கார்த்திகை பிறந்தும் திரும்பவில்லை. தந்தி அடித்தும் புருஷன் எழவுக்கு வரவில்லை. பதினாறாம் நாளுக்கும் வரவில்லை.

“எந்த அழுகைங்க?… தந்தி வந்த அன்னிக்கு எடுத்ததா?… அது எங்கய்யனுக்கு அழுததா?… அப்ப அதை நான் டிக்கெட் எடுத்துல்ல பாத்திருக்கேன்.”

கருவி முழங்கியது.

“மாமா, நில்லுங்க. இது படத்துல வர்ற பேச்சுங்க. இந்த எடத்துல நெஞ்சுல கைய வெப்பீங்க… வெச்சுட்டீங்களா?… எடுங்க.”

அவள் குரல் தணிந்தது.

“எனக்கு ராசா வேண்டாமுங்க. எங்கய்யன் உசுரு போற மட்டும் மருமவன் வந்தாச்சான்னு கேட்டாரு. ஏன் வரலீங்க? அதச் சொல்லுங்க, நான் வாரேன்.”

முழங்கிய குரல் சட்டென்று தாழ்ந்துபோனது.

“அலோ… இருக்கீங்களா?… கேக்கலீங்க.”

கருவியைக் காதோடு அழுத்தி, மறு காதைப் பொத்திக்கொண்டாள்.

“…ம்… ஊரே உங்க அழுகையப் பாக்க நிக்கும்னா?… ம்… அங்க வந்து அழுகை வராமப் போயிட்டா, அப்பிடீன்னா?… அதுக்கா பயந்துட்டு?…”

அதன்பின் அங்கிருந்து பேச்சு வரவில்லை. விக்கல் மாதிரி ஒன்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. முதல் வரிசைக்குக்கூடக் கேட்காத சத்தம். சொன்னால் பாவாயி நம்பமாட்டாள்.

டிரங்க் காலுக்கு உண்டான மூன்று நிமிஷம் முடிந்து லைன் அறுந்தது.

“என்னம்மிணி சொன்னாப்புல மாப்புள?” என்று அண்ணன் கேட்டார். அவள் கருவியை வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேலம் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.