ஓரினின் தோள்

மலை ஏறாதவர்களுக்கு ஒரு கிலோ என்பது பெரிய விஷயமாகத் தெரியாது. எல்க் மானைத் தேடி இந்த மொன்டானா மலைகளில் ஒரு பகல் துப்பாக்கியைச் சுமந்து பாருங்கள், அந்த ஒரு கிலோ உங்கள் உயிரை வாங்கிவிடும். ஓரின் ஸ்டெட் என் துப்பாக்கிப் பட்டறைக்கு வந்ததும் அதற்காகத்தான். அவனுக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது.

"ஹால்வர், இந்தச் சனியன இன்னும் எத்தனை வருஷம்டா சுமக்கிறது? ஏதாவது பண்ணி எடையக் குறைச்சுக் குடேன்," என்றான்.

குறைத்துக் கொடுத்தேன். குழலைக் கடைந்து மெலிதாக்கினேன். தோளில் அண்டக்கொடுக்கும் மரக்கட்டையைக் கழற்றிவிட்டு கார்பன் நாரில் செய்ததைப் பொருத்தினேன். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதைக் குறைக்க, குழல் நுனியில் துளை போட்ட மூடி ஒன்று இருந்தது. காதைக் கிழிக்கிறது என்று சொல்லி அதையும் எடுத்துவிட்டேன். கையில் கனம் குறைந்தால் தோளில் உதை கூடும். எடையைக் குறைக்கிறவன் தோட்டாவின் வீரியத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், இது என் தொழிலில் அரிச்சுவடி. நான் பழைய தோட்டாவையே கொடுத்தேன்.

பிறகு, குறி பார்க்க வேண்டும் என்று மேசையில் மணல் மூட்டை வைத்து, அவனை உட்காரவைத்துச் சுடச் சொன்னேன். உட்கார்ந்து சுடும்போது உடம்பு பின்னால் போக முடியாது, அடி மொத்தமும் தோளிலேயே இறங்கும்.

"போதும்டா, தோள் கழண்டு கையோட வந்துரும் போலிருக்கு."

"தூரத்துல இருந்து சுடப்போறே, சும்மாவா? இன்னும் நாலு போடு. வயசாயிருச்சுன்னு ஒத்துக்கோ, விட்டுடறேன்."

சிரித்துக்கொண்டே போட்டான். நடுவில் மருந்தில்லாத ஒரு வெற்றுத் தோட்டாவைச் செருகிக் கொடுத்தேன். வெடிக்கவில்லை. ஆனாலும் அவன் கண் மூடியது, குழல் நுனி சட்டென்று தாழ்ந்தது. தோட்டா மக்கர் செய்துவிட்டது என்று சொன்னேன், நம்பினான். உதைக்குப் பயந்து உடம்பு முன்கூட்டியே இறுகுகிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனை அது. அந்தப் பயத்தைப் போக்குவதற்காகத்தான் மற்றவர்கள் அதைச் செய்வார்கள். பயம் நன்றாகப் பிடித்துவிட்டதா என்று பார்க்க நான் செய்தேன்.

வேட்டைக்குக் கிளம்பிய காலையில் அவன் மனைவி மார்லிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தோள் பூரா கன்னிப்போய்க் கிடக்கு, ஹால்வர். சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க கூட இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அனுப்பறேன்," என்றாள். கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள், ஷெரீஃப். முன்பு ஒரு தடவை நான் சுட்ட எல்க் அடிபட்டு ஓடிவிட்டது. இருட்டிவிட்டதால் விட்டுவிட்டு வந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஓரின் ரத்தத் தடத்தையும் அதன் பக்கத்தில் திரும்பிப் போயிருந்த என் காலடியையும் பார்த்துப் புரிந்துகொண்டு, தேடிப் போய், அதன் வேதனையை முடித்து, கொம்போடு ஊருக்குக் கொண்டுவந்தான். மதுக்கடையில் அத்தனை பேர் முன்னாலும், "இது ஹால்வர் தேடிப் பிடிச்சு முடிச்சது. நான் சும்மா தூக்க ஒத்தாசை பண்ணேன்," என்றான். எல்லாரும் எனக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஒருநாளும் அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு தடவை அவனும் அடிபட்ட மிருகத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் எல்க் நின்றது. அந்தத் தூரத்தில் ஓரின் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. அன்று குண்டு வயிற்றில் பட்டது. மிருகம் தள்ளாடியபடி கீழே ஓடைப் பக்கம் இறங்கிவிட்டது. பனி கொட்டத் தொடங்கியது.

"விட்டுட்டு வா. காலையில பாத்துக்கலாம்," என்றேன்.

"வயித்துல குண்ட வாங்கிக்கிட்டு அது ராத்திரி பூரா துடிக்கணுமா? என்னடா பேசறே?"

அவன் அப்படித்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும். அவன் முழங்காலைப் பற்றியும் தெரியும், அந்தப் பாறைச் சரிவில் உறைபனி இருப்பதும் தெரியும். அவனை முன்னால் போகவிட்டேன்.

பாதிச் சரிவில் வழுக்கி விழுந்தான். தொடை எலும்பு முறிந்திருந்தது. பயப்படவில்லை. என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. "நல்லவேளை, நீ இருக்கே," என்றான். அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ கசந்தது. இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு, அவனைத் தாண்டி ரத்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

எல்க் ஓடைக்கரையில் படுத்திருந்தது. ஒரே குண்டில் முடித்தேன். இறைச்சி வீணாகக்கூடாது என்று வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்தேன். அதற்கு நேரம் பிடிக்கும், நீங்களும் வேட்டைக்காரர்தானே. மேலே ஓரின் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். முதலில் என் பெயரை, பிறகு மார்லிஸ் பெயரை. பிறகு கூப்பிடவில்லை. நான் அவன் இருந்த பக்கம் ஏறாமல் ஓடை வழியாகவே வீட்டுக்குப் போனேன்.

அவனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எல்க்கைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். ஓரின் இருந்திருந்தால் மதுக்கடையில் எல்லாரிடமும் சொல்லியிருப்பான், அதைத் தேடிப் போய் முடித்தது ஹால்வர்தான் என்று. இந்தத் தடவை அவன் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காது.