அவரவர் குடுவை, அவரவர் தண்ணீர்

இந்த ஆண்டின் ஆட்சிச் சுமையைத் தோளில் ஏற்று, இன்றைய குடுவைத் திருநாளுக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய அகாசிக்லீஸ் அவர்களே! திராட்சைக் கொடியின் தெய்வம் தியோனிசஸின் திருமுன் பணி செய்யும் பூசகர் அவர்களே! முன்வரிசையில் கம்பளி போர்த்தி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பூச்சூடிய பிள்ளைகளை மடியில் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! வலையைக் காயப்போட்டுவிட்டு வந்த மீனவர்களே, களிமண் கையோடு வந்த குயவர்களே! மதில்மேல் நின்று மேற்குச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் காவலர் பைத்தோன் அவர்களே! உங்களை ஏன் தனியாக அழைக்கிறேன் தெரியுமா? இன்று எனக்கு எல்லோரையும்விட உங்கள் கண்தான் முக்கியம். புழுதி தெரிகிறதா?

“இன்னும் ஒண்ணும் தெரியல அண்ணே! நீங்க பேசுங்க!”

பேசுகிறேன். மது வணிகன் தெமோகோன் மேடை ஏறினால் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆண்டுதோறும் சிரித்தீர்கள். இன்று என் நாக்கு வறண்டிருக்கிறது. பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் தம்பி எவாகோனைத் தெரியாதவர் உண்டா இந்த ஊரில்? கோதுமை வாங்க ஆற்றின் மேலே போனவன். அறுவடை முடிந்ததும் போனவன், ஆறு உறைந்து உருகியும் வரவில்லை. புல்வெளி மக்களின் தலைவன் சகிதாரி அவனைத் தன் கூடாரத்தில் பிடித்து வைத்திருக்கிறான். இன்று அவனையும் கூட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வருகிறான். சொல்லி அனுப்பிய செய்தி என்ன?

‘உங்க திருநாளுக்கு வந்து குடிக்கிறேன். என்னை மனுசனா மதிச்சு ஊத்தினா உங்க ஆளை விட்டுட்டுப் போறேன். தண்ணி கலந்து நீட்டினா, வந்த வழியே கூட்டிட்டுப் போயிடுவேன்.’

ஒரு வாய் மதுவில் தொங்குகிறது ஓர் உயிர்! என் உடன்பிறந்த உயிர்!

மதுவைப் பற்றி நமக்கா தெரியாது? தாழியின் உள்ளே பிசின் பூசி மணம் ஏற்றியவர்கள் நாம். கரையை விட்டு விலகி, அலை அடங்கிய ஆழத்தில் கடல்நீர் மொண்டு வந்து, அதையும் மதுவில் அளவாய்ச் சேர்த்தவர்கள் நாம். தேன் சேர்த்தோம், தித்தித்தது. வெந்தயம் சேர்த்தோம், வாசம் வந்தது. ரோஜா இதழைத் துணியில் முடிந்து ஊறப்போட்டோம். வெள்ளைப்போளம் என்ற மணப்பிசினைக் கரைத்தோம். வயிற்றுவலிக்கு மாசிபத்திரி போட்டோம். நோயில் கிடந்தவனுக்குப் பாலாடைக்கட்டியைத் துருவி, வாற்கோதுமை மாவைத் தூவிக் கொடுத்தோம். கோடையில் பனியில் புதைத்தோம், குளிரில் வெந்நீர் விட்டோம். இத்தனையும் செய்துவிட்டு, கடைசியில் ஒரு பங்கு மதுவுக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றினோம். அதற்குப் பண்பாடு என்று பெயர் வைத்தோம். ஊற்றாதவனுக்கு என்ன பெயர் வைத்தோம்? காட்டான் என்று வைத்தோம்!

போன அறுவடைக் காலத்தில் சகிதாரியின் மருமகன் தூது வந்தானே, நினைவிருக்கிறதா? இதே முற்றத்தில் கலவைக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தோம். மரியாதையாகத்தான் கொடுத்தோம். ஒரு வாய் குடித்தான். குவளைக்குள் எட்டிப் பார்த்தான்.

‘என்னய்யா இது, குடத்தைக் கழுவின தண்ணியா? எங்க பக்கம் தண்ணிய குதிரைக்குத்தான் வைப்போம்.’

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: ‘அதனாலதான் ராசா உனக்கு வச்சோம்!’

சிரித்தோம். ஊரே சிரித்தது. அவன் குவளையைக் கீழே வைத்தான், குதிரையில் ஏறினான். அதோடு தானிய வண்டி நின்றது. தானியம் கேட்டுப் போன என் தம்பியும் அங்கேயே நின்றுபோனான்.

“அந்தக் குரல் என் குரல்தான்யா! ஊர் முன்னாடி இழுக்காத! நான் என்ன, இப்படி ஆகும்னு கண்டேனா?”

மீன் விற்கும் மிர்த்தலே அக்கா, உட்காருங்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் சொல்லியிராவிட்டால் பக்கத்தில் இருந்தவர் சொல்லியிருப்பார். நம் ஊர் வாய் அப்படி.

இன்று காலை ஆட்சி மன்றம் கூடியது. நம் தலைவர் ஒரு வழி சொன்னார். மதுவில் வழக்கம்போல் தண்ணீர் கலப்போம், அதன்மேல் சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாறு சேர்ப்போம், கருப்பாக, கெட்டியாகத் தெரியும், அவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்றார். தலைவர் அவர்களே, பிழை பொறுக்க வேண்டும். பிறந்தது முதல் நீர் கலக்காமல் குடித்தவனுக்கா தெரியாது? முதல் மடக்கில் தெரியும். தெரிந்தபின் யாரைப் பார்ப்பான்? உங்களையா, என்னையா? பக்கத்தில் நிற்கும் என் தம்பியைப் பார்ப்பான்!

“அப்ப தண்ணி கலக்காமலே ஊத்திட வேண்டியதுதானே! ராவா ஊத்து!”

அப்படித்தான் ஊற்றினார்கள், நமக்குத் தெற்கே உள்ள கரையூரில். மூன்று வண்டிகளில் வந்த புல்வெளி ஆட்களுக்கு நடுவே ஒரு பெரிய குடம், தண்ணீர் கலக்காத தனி மது. குடம் குறையக் குறைய நிரப்பினார்கள். விருந்தாளிகளோடு சேர்ந்து ஊராரும் அதையே குடித்தார்கள், பழக்கமில்லாதவர்கள். பாட்டு வந்தது, கேலி வந்தது, பழைய கதை வந்தது, கத்தி வந்தது. விடிந்தபோது அழ மட்டும்தான் ஆள் இருந்தது. கலந்தால் தம்பி போவான், கலக்காவிட்டால் ஊர் போகும். நான் எந்தப் பக்கம் ஓடுவேன்?

பைத்தோன், சாலை எப்படி இருக்கிறது?

“காலியாத்தான் இருக்கு! பதறாதீங்க!”

பதறாமல் எப்படி இருப்பேன்! இருந்தாலும் கேளுங்கள். விடை நம் கையிலேயே இருக்கிறது. இன்று என்ன நாள்? ஆண்டு முழுவதும் ஒரே குடத்தில் கலந்து குடிக்கும் நாம், இந்த ஒரு நாள் மட்டும் தனித்தனி மேசையில் அமர்கிறோமே, ஏன்? ஆளுக்கொரு குடுவை, அவரவர் மது, அவரவர் தண்ணீர். கொம்பு ஊதியதும் குடிக்கத் தொடங்குவோம், குடுவை தீரும்வரை ஒரு சொல் பேச மாட்டோம். யார் வைத்த வழக்கம் இது? முன்னொரு காலத்தில் கையில் இரத்தக் கறையோடு ஒரு விருந்தாளி வந்தான். அவனோடு ஒரே குடத்தில் குடிக்க ஊர் அஞ்சியது. வந்தவனை விரட்டவும் ஊருக்கு மனமில்லை. அதனால் எல்லோருக்கும் தனிக் குடுவை வைத்தார்கள். அவனுக்கு வருத்தம் இல்லை, ஊருக்குத் தீட்டு இல்லை. முன்னோர் நமக்கு விட்டுப்போன வழி இது!

மன்றத்துக் கலவைக் குடத்தை மூடி வையுங்கள். சகிதாரி இங்கே, நம்மோடு அமரட்டும். அவன் குடுவையில் தனி மது, என் குடுவையில் தண்ணீர் கலந்த மது. அவனுக்கு யாரும் தண்ணீர் நீட்டவில்லை, நமக்கு யாரும் தனி மது நீட்டவில்லை. குடுவை தீர்ந்தால் மறுபடி நிரப்புவது இல்லை. பேச்சில்லாத இடத்தில் சண்டை எங்கிருந்து வரும்?

பூசகர் எழுந்திருக்கிறார். சொல்லுங்கள் ஐயா.

“சாமி திருநாள்ல தண்ணி கலக்காத மதுவா? தெய்வக் குத்தம் ஆயிடாதா தெமோகோன்?”

நல்ல கேள்வி. வணங்கிக் கேட்கிறேன் ஐயா. தினமும் சாப்பாடு முடிந்து, நல்ல தெய்வத்தின் பெயரைச் சொல்லி நாம் ஒரு வாய் குடிக்கிறோமே, அதில் தண்ணீர் உண்டா?

“...இல்லப்பா. அது தனி மதுதான்.”

நாம் தெய்வத்தின் பெயரால் ஒரு வாய் குடிப்பதை அவன் ஒரு குடுவை குடிக்கிறான். அவ்வளவுதானே ஐயா?

“சரி. உக்காந்துட்டேன். ஆனா உன் ஊரு வாய மூடுமா? அதைச் சொல்லு முதல்ல!”

அதைக் கேட்கத்தான், என் அன்பிற்குரியவர்களே, நான் மேடை ஏறினேன்! மதுவால் வந்த வினை அல்ல இது. சிரிப்பால் வந்த வினை. சகிதாரி குடுவையைத் தூக்கி அப்படியே கவிழ்த்துக் குடிப்பான். தாடியில் வழியும். புறங்கையால் துடைப்பான். ஏப்பம் விடுவான். யாரும் சிரிக்கக் கூடாது. யாரும் யாரையும் முழங்கையால் இடிக்கக் கூடாது. முடியுமா உங்களால்? அக்கா, உங்களால் முடியுமா?

“முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்டா! உன் தம்பி வீடு வந்து சேரட்டும்!”

நன்றி அக்கா. இதற்கு இசைபவர்கள் கை உயர்த்துங்கள். கைதட்ட வேண்டாம், வாழ்க என்று முழங்க வேண்டாம். இப்போதே பழகுங்கள். கை மட்டும்.

தலைவர் கை உயர்ந்துவிட்டது. பூசகர் கை உயர்ந்துவிட்டது. அடேயப்பா, கடைசி வரிசையில் குழந்தைகள்கூட! என்னால் எண்ண முடியவில்லை, கண் மறைக்கிறது.

“அண்ணே! புழுதி! குதிரைங்க வருது!”

பைத்தோன்! என் தம்பி? தம்பி தெரிகிறானா?

“எல்லாரும் கூர்த்தொப்பி போட்டிருக்காங்க... நடுவுல ஒருத்தர் மட்டும் வெறுந்தலையா வர்றாரு. அவரு உங்க தம்பிதான் அண்ணே! இளைச்சுப் போயிருக்காரு!”

வருகிறான். வந்துவிட்டான்.

பெரியோர்களே, பேச்சின் முடிவில் சொல்ல வேண்டிய நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கும் வாய் கிடையாது. என் மேசைக்குப் பக்கத்தில் என் தம்பிக்கென ஒரு குடுவை வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றவில்லை. அதை அவன் கையால் ஊற்றிக்கொள்ளட்டும். அவன் வாசலுக்குள் நுழையும்போது நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன். எழுந்து ஓட மாட்டேன். நிகரெத்தே, என் தம்பி மனைவியே, நீயும் கூப்பிடாதே அம்மா. அழலாம். சத்தம் வராமல் அழு. சகிதாரியின் குடுவை தீரும்வரைதான்.

தலைமைக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி, கை உயர்த்திய ஒவ்வொருவருக்கும் என் நன்றி கலந்த வணக்கம். கொம்பை ஊதச் சொல்லுங்கள்.