ரை விஸ்கியும் அரிஷ்டப் போத்தலும்

ஓல்ட் ஃபாஷன்ட் என்கிற கொக்டெயிலைக் கலக்குவதற்கு விலை கூடிய ரை விஸ்கி தேவையில்லை. லா ஷப்பேலில் நான் வேலை செய்த பாரின் முதலாளி மார்செல் முதல் நாளே சொல்லித்தந்தது இது. மலிவான ரை போதும். அதன் காரம் சீனிக்கும் கசப்புத் துளிகளுக்கும் அடங்கிப் போகாது. இதையும் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் தங்கச்சி. விசாரிக்கிறவர் எல்லாவற்றையும் எழுதட்டும்.

மார்செல் என்னைத் தவரத்தினம் என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் ஞானரட்ணம். விசா இல்லாதவன். சார்செலில் என்னோடு ஒரே அறையில் இருந்த தவரத்தினம் அண்ணையின் விசாக் காட்டைக் காட்டி, 2010இல் அந்த வேலையில் சேர்ந்தேன். அண்ணை குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் படுத்திருந்தார். அவர் பெயரில் உழைத்து அவருக்கும் சமைத்துப் போட்டேன். இருவருக்கும் வசதியாக இருந்தது.

பிறகு அவர் திருந்திவிட்டார். இனிமேல் குடித்தால் ஆள் தப்பாது என்று டொக்டர் சொல்ல, கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினார். முகம் தெளிந்தது. ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்:

"தம்பி, வாற மாசம் நான் வேலைக்குப் போகப்போறன். காட்டைத் தா. மனிசியையும் ஊரிலயிருந்து கூப்பிடவேணும்."

"ஓம் அண்ணை," என்றேன். வேறு என்ன சொல்ல? காட் போனால் வேலை போகும், பொலிஸ் மறிக்குமென்று ரயிலேறவும் பயப்பட வேண்டும்.

சாப்பாடு செமிக்கவில்லை, அரிஷ்டம் வாங்கி வா என்று அவர்தான் கேட்டார். அரிஷ்டத்துக்குப் பிரெஞ்சில் சொல் இல்லையென்றால், வயிற்றுக்கு நம்மாட்கள் குடிக்கும் மருந்து என்று சொல்லுங்கள். கபில நிறம், இனிப்பு, கசப்பு, தொண்டையில் கொஞ்சம் எரிவு. ஓல்ட் ஃபாஷன்டும் ஏறக்குறைய அதேதான்.

பழைய அரிஷ்டப் போத்தலைக் கழுவி, மார்செலின் மலிவு ரையையும் சீனிப்பாகையும் கசப்புத் துளிகளையும் ஊற்றினேன். மணத்துக்குக் கறுவாப்பட்டைத் துண்டு ஒன்று போட்டேன். ஒரு கரண்டி இரண்டாகி, பிறகு அவரே கேட்டு வாங்கினார். வேலைக்குப் போகிற பேச்சு நின்றது.

ஒருமுறை மட்டும் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது அரிஷ்டந்தானே தம்பி?"

"ஓம் அண்ணை."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

கண் மஞ்சளானதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காட் எனக்குத் தேவைப்பட்டதால் என் பெயரைச் சொல்லிச் சேர்த்தேன். ஆகவே அங்கே செத்தது ஞானரட்ணம். அவர் மனைவி ஜெகதீஸ்வரி அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம், "அவர் வேலைக்குப் போயிட்டார் அக்கா," என்பேன். அது பொய்யில்லை. தவரத்தினம் ஒவ்வொரு நாளும் பாரில் நின்று கிளாஸ் துடைத்தார். யாராவது ஞானம் என்று கூப்பிட்டால்கூட நான் திரும்ப முடியாது.

அக்கா சொல்லாமல் வந்து இறங்கியதால்தான் இன்று உங்கள் முன் இருக்கிறேன். கொன்றது நான்தான், அதை எழுதுங்கள். ஆனால் அக்காவிடம் இதையும் சொல்லிவிடுங்கள் தங்கச்சி. கற்பூரம் அணைத்துப் பண்ணிய சத்தியத்தை அண்ணை கடைசிவரை மீறவில்லை. அதை நான் காப்பாற்றிக் கொடுத்தேன்.